கொள்வாரில்லாத ஏழு நாள்கள்

ஒரு பொருளை வாங்கும்போதே, பின்னொரு நாள் அதனை விற்க முடியுமா என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நிலம் வாங்குவோர் எண்ணிப் பார்ப்பர். நகை வாங்குவோரும் எண்ணிப் பார்ப்பர். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கூட, நாளை இது என்ன விலைக்குப் போகும் என்ற நினைவோடுதான் பார்க்கிறார். ஆனால் இன்பத்துக்கென்றும் ஓய்வுக்கென்றும் ஒன்றை வாங்கும்போது மட்டும் இந்த எண்ணம் நமக்கு எழுவதே இல்லை. வேண்டாம் என்று தோன்றும் நாளில்தான், அதை வாங்கவும் ஆளில்லை, சும்மா கொடுத்தாலும் கொள்வார் இல்லை என்பது தெரிய வருகிறது.

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள், ஆங்கிலத்தில் டைம்ஷேர் என்று வழங்கும் காலப்பங்கு விடுமுறைத் திட்டம். மலைவாழிடத்திலோ கடற்கரையிலோ உள்ள விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை, 25 ஆண்டுகளுக்கோ அதற்கு மேலோ, ஒரு பெருந்தொகை கொடுத்து முன்கூட்டியே வாங்கிக்கொள்வது இது. இந்த வாரத்தை விற்பதும் ஒருவர் தலையில் கட்டுவதும் ஏன் இத்தனை அரிதாக இருக்கின்றன, அகப்பட்டுக்கொண்ட குடும்பம் என்ன செய்யலாம் என்பனவற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

இது பட்டணத்தார் பாடு, காமயகவுண்டன்பட்டிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இதில் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. விற்பனைக்கு வரும் அந்த வாரங்களுள் பல, நாம் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் மலைகளின் மேலேயே இருக்கின்றன. மேற்கே குமுளியும் தேக்கடியும், வடக்கே போடிமெட்டைத் தாண்டினால் மூணாறு, வடகிழக்கே கொடைக்கானல். விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் நம் சகோதரிகளுக்கு அம்மலை பிழைப்பு தருகிறது. அதே மலையைச் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஏழு ஏழு நாள்களாகப் பங்கு போட்டு விற்கிறார்கள். பிள்ளை வாங்கிய பத்திரம், பெற்றோர் வீட்டு இரும்புப் பெட்டிக்கு வந்து சேருகிறது.

வாரம் என்னும் சொல்

நம் ஊர்ப்புறத்தில் வாரம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஏழு நாள் கொண்டது ஒரு வாரம். நிலத்தை உழுபவரும் உடையவரும் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்வது மற்றொரு வாரம். முல்லைப் பெரியாறு அணை 1895ஆம் ஆண்டு முடிந்து, தண்ணீர் கிழக்கே திரும்பி, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையத் தொடங்கிய நாள் முதல், வாரத்துக்கு விடுவதும் வாரத்துக்கு எடுப்பதும் நம் முன்னோர்க்குப் பழகிய வழக்கங்கள்.

அந்த வாரத்தின் நியாயம் யாது? விளைந்தால் இருவருக்கும் பங்கு. பொய்த்தால் இருவருக்கும் நட்டம். காலப்பங்கு வாரத்திலோ நியாயம் வேறு. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும், அறை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஆண்டுக் கட்டணம் மட்டும் தவறாமல் செலுத்தியாக வேண்டும். விளைச்சல் ஐயத்துக்குரியது, தீர்வையோ உறுதியானது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

வந்த வழி

இத்திட்டம் ஐரோப்பாவில் 1960களில் தோன்றியது. ஹாப்பிமாக் என்னும் நிறுவனம் 1963ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலைப் பனிச்சறுக்கு விடுதிகளிலும் இம்முறை தலையெடுத்தது. ஓரிடத்தில் வாங்கிய வாரத்தை வேறோர் இடத்து வாரத்துக்கு மாற்றிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. நிறுவனம் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவாயிற்று. ஒரே மலைக்கு ஆண்டுதோறும் போக வேண்டியதில்லை என்று ஆனபின், விற்பனை பெருகியது.

நம் நாட்டுக்கு இது 1980களில் வந்தது. 1986ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானலிலும் உதகையிலும் விடுதிகளை அமைத்து வாரங்களை விற்றது. 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மகிந்திரா ஹாலிடேஸ் நிறுவனம் தன் முதல் விடுதியை மூணாறில் அமைத்தது; இன்று ஏறத்தாழ 3 இலட்சம் குடும்பங்கள் அதன் உறுப்பினர்கள். இவ்விடுதிகளுக்கு ஆண்டுதோறும் மகிழ்ந்து சென்று வரும் குடும்பங்கள் பல உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் பயணம் போகும் வழக்கமும், அதற்கேற்ற நிலையான வருவாயும், நான்கு மாதங்களுக்கு முன்னரே நாள் குறிக்கும் வசதியும் உடையோருக்கு இது பயன்படுவதே. இம்மூன்றும் இல்லாதோர் வாங்குவதில்தான் துன்பம் தொடங்குகிறது.

விற்கும் முறையும் நாம் அறியத் தக்கதே. பொருட்காட்சியிலோ பெட்ரோல் நிலையத்திலோ பெரிய கடையிலோ ஒரு சீட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிப் போடச் சொல்வார்கள். சில நாள்களில், பரிசு விழுந்திருக்கிறது, கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று அழைப்பு வரும். குளிரூட்டிய கூடம், சிற்றுண்டி, மலையும் அருவியும் ஓடும் படக்காட்சி, இரண்டு மணி நேரப் பேச்சு. இறுதியில், இன்றைக்கே ஒப்பமிட்டால் இவ்வளவு தள்ளுபடி, நாளைக்கு இல்லை என்பார்கள். கணவனும் மனைவியும் ஏன் சேர்ந்தே வர வேண்டும்? வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று நழுவ ஒருவருக்கும் வழி இருத்தலாகாது என்பதே காரணம்.

ஏன் விலை போவதில்லை?

வாங்கிய வாரத்தை விற்க முற்பட்டால் வரும் தடைகள் பல. முதலாவது, நீங்கள் வாங்கியது சொத்து அன்று. நம் நாட்டுத் திட்டங்களுள் பெரும்பாலானவை தங்கும் உரிமையை மட்டுமே தருகின்றன. மண்ணிலோ கட்டடத்திலோ பங்கு தருவதில்லை. ஒற்றி வைத்த வயலை மீட்டால் வயல் உங்களுடையது. வாங்கிய திராட்சைத் தோட்டத்தில் கொடி பட்டுப்போனாலும் மண்ணும் கிணறும் மிஞ்சும். வாரத்தில் மிஞ்சுவது எதுவும் இல்லை. ஆண்டு கழியக் கழிய உரிமையும் தேய்கிறது. ஒப்பந்தக் காலம் முடியும் நாளில் அதன் மதிப்பு வெறும் சுழி.

இரண்டாவது, அதே பொருளை நிறுவனமே புதிதாக விற்றுக்கொண்டிருக்கிறது. அதனிடம் விற்பனையாளர் படை உண்டு, விளம்பரம் உண்டு, தவணை வசதி உண்டு, பரிசும் உண்டு. பழையதை விற்க வரும் உங்களிடம் இவற்றுள் ஒன்றும் இல்லை. நீங்கள் கொடுத்த விலையில் பெரும் பங்கு அந்தக் கூடத்துக்கும் சிற்றுண்டிக்கும் விற்பனையாளர் ஊக்கத்தொகைக்கும் போய்விட்டது. இரண்டாவதாக வாங்குபவர் அச்செலவை உங்களுக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

மூன்றாவது, உரிமையை மற்றவர் பெயருக்கு மாற்றுவதற்கு நிறுவனத்தின் இசைவு வேண்டும். மாற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும். நிலுவை முழுவதையும் முதலில் தீர்க்க வேண்டும். முதல் உறுப்பினருக்குத் தந்த சலுகைகள் சில, பெயர் மாறும்போது நின்றுவிடுவதும் உண்டு. நீங்கள் பெற்றதைவிடக் குறைந்த ஒன்றைத்தான் நீங்கள் கொடுக்க முடிகிறது.

நான்காவது, ஆண்டுக் கட்டணம். வாங்கும் நாளில் சிறிதாகத் தோன்றும் இத்தொகை ஆண்டுதோறும் ஏறுகிறது. அதன்மேல் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. கட்டத் தவறினால் வட்டி சேரும், அறையும் கிடைக்காது. வாங்க வருபவர் உங்கள் விலையை மட்டும் பார்ப்பதில்லை. இன்னும் எத்தனை ஆண்டு இக்கட்டணத்தைச் சுமக்க வேண்டும் என்றும் பார்க்கிறார். யானையை இலவசமாகத் தந்தாலும், கட்டித் தீனி போட யாரால் முடியும்?

ஐந்தாவது, பருவம். நிறுவனங்கள் ஆண்டை நிறங்களாகப் பிரிக்கின்றன. ஊதா என்பது உச்சப் பருவம். அடுத்தடுத்துச் சிவப்பு, வெள்ளை, நீலம் என இறங்கும். உயர்ந்த நிறத்தார் தாழ்ந்த பருவத்தில் தங்கலாம். தாழ்ந்த நிறத்தார் உயர்ந்த பருவத்தில் தங்க இயலாது. விலை குறைவு என்று வெள்ளையோ நீலமோ வாங்கிய குடும்பத்துக்கு, மே மாதப் பள்ளி விடுமுறையிலும் கிறிஸ்து பிறப்பு நாள்களிலும் இடம் இல்லை. பள்ளி நடக்கும் நாளில், மழை கொட்டும் பருவத்தில், இடம் உண்டு.

இங்கே நம் பள்ளத்தாக்கின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். 1832ஆம் ஆண்டு ஒரு பிரெஞ்சுக் குருவானவர் தமிழகத்துக்குக் கொண்டு வந்ததாகச் சொல்லப்படுவதும், 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றதுமான நம் பன்னீர்த் திராட்சை, ஆண்டு முழுதும் காய்க்கும் இயல்பினது. கவாத்து, மருந்தடிப்பு, அறுவடை என ஒன்று மாற்றி ஒன்று வரும். பந்தலை விட்டு ஏழு நாள் நகர முடியாது. நெல்லுக்கோ, ஜூன் மாதத்தில் அணை திறந்தால் நாற்றங்கால் வேலை காத்திருக்கிறது. கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வெளியூரிலுள்ள பிள்ளைகள் வீடு திரும்புவார்களேயன்றி, வீட்டைப் பூட்டிக்கொண்டு விடுதிக்குப் போவதில்லை. நான்கு மாதத்துக்கு முன்னரே இந்த ஏழு நாள் எங்களுக்கு ஓய்வு என்று சொல்லக்கூடிய உழவர் வீடு நம் பக்கத்தில் எத்தனை?

கணக்கைப் பாருங்கள்

எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உறுப்பினர் கட்டணம் 4 இலட்சம் ரூபாய், காலம் 25 ஆண்டு, ஆண்டுக் கட்டணம் சராசரியாக 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 ஆண்டில் ஆண்டுக் கட்டணம் மட்டும் 5 இலட்சம். மொத்தம் 9 இலட்சம். ஓர் ஆண்டு தவறாமல் 25 முறையும் போய் வந்தால் 175 இரவுகள். ஓர் இரவுக்கு ஏறத்தாழ 5,143 ரூபாய். பிள்ளைகளின் தேர்வு, முதியோர் நோய், துக்க வீடு, வேலை என்று பல ஆண்டுகள் தவறி, 10 முறை மட்டுமே போக முடிந்தால் 70 இரவுகள். ஓர் இரவுக்கு 12,857 ரூபாய். இதில் உணவுச் செலவும் பயணச் செலவும் சேரவில்லை. முதலில் கொடுத்த 4 இலட்சத்தை வங்கியில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியும் சேரவில்லை. ஆக, இத்திட்டத்தின் உண்மையான விலை பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. எத்தனை முறை போனோம் என்பதில்தான் அது அடங்கியிருக்கிறது.

கொடுத்தாலும் கொள்வாரில்லை

இனி, ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். காமயகவுண்டன்பட்டியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். பட்டணத்து மகன், அப்பாவும் அம்மாவும் ஆண்டுக்கொரு முறை மலைக்காற்று வாங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், தந்தையின் பெயரில் ஒரு வாரத்தை வாங்கித் தந்தான். தவணை முடியுமட்டும் அவனே கட்டினான். பெற்றோர் இரண்டு முறை போனார்கள். பிறகு தந்தை இறைவனடி சேர்ந்தார். மகன் வெளிநாட்டில். தாய்க்கு எழுபது வயது; முழங்கால் வலி. ஆண்டுக் கட்டணச் சீட்டு மட்டும் இறந்தவர் பெயருக்கு வந்துகொண்டேயிருக்கிறது. குடும்ப ஓய்வூதியத்தில் மருந்துக்குப் போக மிஞ்சுவதை எண்ணி வைக்கும் அந்தத் தாய்க்கு, அச்சீட்டு வரும் நாளெல்லாம் மனக்கலக்கம்.

விற்போம் என்றால் ஆளில்லை. சரி, யாருக்காவது சும்மா கொடுத்துவிடுவோம் என்று எண்ணுகிறார். மைத்துனர் மகனுக்கா? அவர் கட்டணத்தைக் கேட்டதும் கைகூப்பி விடுகிறார். பங்குக் கோவிலுக்கா, கன்னியர் மடத்துக்கா, அனாதை இல்லத்துக்கா? நல்லெண்ணத்தில் எழும் எண்ணந்தான். ஆயினும் ஆண்டுதோறும் கட்டணம் கேட்கும் ஒன்றை ஏழை இல்லத்துக்கு எழுதி வைத்தால், நாம் கொடுத்தது காணிக்கையா, கடனா? கோவிலுக்கு மாட்டை நேர்ந்துவிடுவோர் தீனிக்கும் வழி செய்வர். நமக்குப் பாரமானதைப் பிறர்மேல் ஏற்றிவிட்டு அதற்குக் கொடை என்று பெயரிடுதல் முறையாகாது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உறுப்பினர் உரிமையைக் கொடுப்பது வேறு. அவ்வாண்டுக்குரிய தங்கலைக் கொடுப்பது வேறு. முன்னது பாரத்தைக் கொடுப்பது. பின்னதில் பாரம் நம்மிடமே இருக்கிறது. ஓய்வு மட்டும் பிறருக்குப் போகிறது. பல ஒப்பந்தங்கள் உறுப்பினரின் விருந்தினர் தங்குவதற்கு இடம் தருகின்றன. எப்படியும் கட்டணம் கட்டத்தான் போகிறோம் என்றால், வாழ்நாளில் ஒரு முறைகூட வெளியூரில் தங்கி ஓய்வெடுத்தறியாத நம் பங்கின் முதிய உபதேசியாரும் அவர் துணைவியாரும் ஒரு வாரம் மலையில் இருந்து வரட்டுமே. புதுமணத் தம்பதியர் போய் வரட்டுமே. வீணாகும் வாரத்துக்கு இதைவிட நல்ல கதி இல்லை. விருந்தினர்க்குக் கட்டணம் உண்டா, உணவுக்கு என்ன செலவாகும் என்பனவற்றை மட்டும் முன்கூட்டியே கேட்டறிந்து, அச்செலவும் விருந்தினர் தலையில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிற நாட்டார் பட்ட பாடு

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பல்லாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய வாரங்களை, ஆண்டுக் கட்டணத்திலிருந்து தப்பினால் போதும் என்று 1 டாலருக்கு ஏலத்தில் விட முன்வருவோர் உண்டு. அதற்கும் ஆள் வருவது அரிது. அங்கே சில ஒப்பந்தங்களுக்கு முடிவே கிடையாது. பெற்றோர் காலத்துக்குப்பின் பிள்ளைகளுக்கு வந்து சேரும். ஸ்பெயின் நாடு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால், இத்தகைய ஒப்பந்தம் 50 ஆண்டுக்கு மேல் செல்லாது என்று வரம்பிட்டது. அதனை மீறி முடிவில்லாக் காலத்துக்கு விற்ற ஒப்பந்தங்கள் செல்லா என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு முதல் தீர்ப்பளித்து வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதியின்படி, ஒப்பமிட்ட 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். அந்நாள்களுக்குள் முன்பணம் வாங்குவதும் குற்றம். கூடத்தில் மயங்கி ஒப்பமிட்டவர், வீடு திரும்பி மனம் தெளிவதற்கென்று சட்டம் தரும் அவகாசம் இது.

நம் நாட்டில் இத்திட்டங்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் நிறுவனமே தரும் சில நாள் அவகாசந்தான் உண்டு. ஆதலின் ஒப்பமிட்ட அன்றைக்கே அந்நாள்கள் எத்தனை என்று பார்த்து வைப்பது இன்றியமையாதது.

வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. பான்கார்டு கிளப்ஸ் என்னும் மும்பை நிறுவனம், விடுதி அறை இரவுகளை விற்பதாகச் சொல்லி, தங்காதவர்க்குக் காலம் முடிந்ததும் பெருகிய தொகை திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்டியது. இது விடுமுறைத் திட்டம் அன்று, இசைவு பெறாமல் நடத்திய கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமாகிய செபி முடிவு செய்தது. ஏறத்தாழ 51 இலட்சம் பேரிடம் திரட்டிய 7,035 கோடி ரூபாயைத் திருப்பித் தருமாறு 2016ஆம் ஆண்டு ஆணையிட்டது. சொத்துகளை ஏலமிட்டுப் பணம் தேடும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை முகவர் சொல்லை நம்பிக் கொடுத்த எளியோர் பலர் அதில் சிக்கினர். தங்கும் வாரத்தை எவரேனும் முதலீடு என்று சொல்லி விற்க வந்தால், அச்சொல் ஒன்றே அவரை வாசலோடு அனுப்பிவிடப் போதுமானது.

இரண்டாம் வலை

விற்க முடியாமல் தவிப்போரைக் குறிவைத்து வேறொரு கூட்டம் காத்திருக்கிறது. உங்கள் வாரத்துக்கு ஆள் கிடைத்துவிட்டார், நல்ல விலை, பத்திரச் செலவுக்கும் வரிக்கும் மட்டும் முதலில் இவ்வளவு அனுப்புங்கள் என்று தொலைபேசி வரும். உறுப்பினர் எண், வாங்கிய ஆண்டு எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அனுப்பியபின் இன்னொரு வரி, இன்னொரு முத்திரைக் கட்டணம் என்று நீளும். மெக்சிகோ நாட்டில் கடற்கரை வாரங்கள் வாங்கிய அமெரிக்க முதியோரை, அங்குள்ள போதைப்பொருள் கும்பல் ஒன்று இவ்வாறே ஏமாற்றி வந்தது. 2022ஆம் ஆண்டில் மட்டும் 600க்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 3 கோடியே 96 இலட்சம் டாலர் இழந்ததாக அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்குப் புகார்கள் வந்தன. முதல் வலையில் பணம் போனவர்கள், அதை மீட்கும் ஆவலிலேயே இரண்டாம் வலையில் விழுகிறார்கள்.

இதற்கு ஒரே விதி போதும். விற்றுத் தருகிறேன், மீட்டுத் தருகிறேன் என்று வருபவருக்கு முன்பணமாக ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. உண்மையிலேயே வாங்குபவர் இருந்தால், தரகை விற்ற பணத்தில் கழித்துக்கொள்ளட்டும். கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் எவருக்கும் சொல்லலாகாது.

என்ன செய்யலாம்?

முதலில், பெட்டியில் உறங்கும் ஒப்பந்தத்தை எடுத்து முழுவதும் படியுங்கள். ஆங்கிலம் தடையானால், படித்த பிள்ளை ஒருவரையோ வழக்கறிஞர் ஒருவரையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள். காலம் எந்நாளில் முடிகிறது, விலகுவதற்கு விதி உண்டா, விலகினால் ஏதேனும் திரும்புமா, வாரிசுக்கு மாற்ற என்ன வேண்டும் என்னும் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசிப் பேச்சு காற்றோடு போகும். உரிமையை ஒப்படைக்க விரும்புகிறோம், நிலுவை எவ்வளவு, விதிமுறை யாது என்று மின்னஞ்சலிலும், சேர்ப்பித்ததற்குச் சான்று கிடைக்கும் விரைவு அஞ்சலிலும் எழுதி, படியை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் எதையும் திருப்பித் தராமல் விலகுவதற்கு மட்டும் இசைந்தாலும், மீதமுள்ள ஆண்டுகளின் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். கொடுத்ததை எண்ணி வருந்துவதைவிட, கொடுக்கப் போவதை நிறுத்துவதே பல வேளைகளில் ஆதாயம்.

சொல்லாமல் கொள்ளாமல் கட்டணத்தை நிறுத்திவிட்டு வாளாவிருத்தல் நன்றன்று. வட்டி ஏறும், வேண்டாத கடிதங்கள் வரும். நிறுத்துவதாயின், காரணத்தையும் உங்கள் கோரிக்கையையும் எழுதித் தெரிவித்தபின், சட்டம் தெரிந்தவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

உறுப்பினர் இறந்துவிட்டால், இறப்புச் சான்றுடன் உடனே தெரிவியுங்கள். வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு மாற்றும் படிவத்தில் அவசரப்பட்டு ஒப்பமிடாதீர்கள். ஒப்பமிட்டால் அவருடைய ஒப்பந்தம் உங்களுடைய ஒப்பந்தம் ஆகிவிடும். இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் அவர் கடனுக்கு வாரிசுகள் பொறுப்பு. அதற்கு மேல் தம் சொந்தப் பொருளிலிருந்து கொடுக்கக் கடமை இல்லை. நாம் மேலே கற்பனை செய்த அந்தத் தாய், தம் பெயரில் எதிலும் ஒப்பமிடாதவராயின், இரவில் தூக்கம் கெட வேண்டியதில்லை.

சொன்ன வசதி கிடைக்கவில்லை, கேட்ட நாளில் எல்லாம் அறை மறுக்கப்பட்டது, வாய்மொழியாகச் சொன்னது பத்திரத்தில் இல்லை என்பன போன்ற குறைகள் இருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. 1915 என்னும் தேசிய உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். நிறுவனம் சென்னையில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டமாகிய தேனியிலேயே வழக்குத் தொடுக்க இச்சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். குறை நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. ஒப்பந்தமே ஒருதலையானது, நேர்மையற்றது என்பது உங்கள் வழக்கானால், அதை மாநில ஆணையத்தில்தான் தொடுக்க வேண்டும். வழக்கு வந்தால் நடுவர் மன்றத்துக்கே போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டிருப்பதைக் காட்டி உங்களை மிரட்டினால் அஞ்ச வேண்டாம். அத்தகைய வாசகம் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு உறுதி செய்துள்ளது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இன்னும் வாங்காத குடும்பங்களுக்குச் சில சொற்கள். கடந்த ஐந்து ஆண்டில் நாம் எத்தனை முறை ஏழு நாள் தொடர்ந்து வெளியூரில் தங்கினோம்? அதே விடுதியில் பணம் கொடுத்துச் சாதாரணமாகத் தங்கினால் ஓர் இரவுக்கு என்ன ஆகும்? ஆண்டுக் கட்டணம் எவ்வளவு ஏறலாம் என்பதற்குப் பத்திரத்தில் வரம்பு உண்டா? நாளை வேண்டாம் என்றால் நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளுமா? எடுத்துக்கொள்ளும் என்றால் அதை எழுதித் தருமா? இக்கேள்விகளுக்கு விடை கிடைக்குமுன் பேனாவைக் கையில் எடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, உங்களுடையதை விற்றுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். விற்பனைக் கூடத்தில் இரண்டு மணி நேரத்தில் அறிய முடியாததை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

பெற்றோருக்கு ஓய்வு தர விரும்பும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வோம். உங்கள் அன்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் 25 ஆண்டுப் பத்திரம் வேண்டியதில்லை. மூணாறுக்கோ கொடைக்கானலுக்கோ நீங்களே வந்து அழைத்துப் போங்கள். மூன்று நாள் உடன் தங்குங்கள். கட்டணத்தை அன்றே கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். அம்மலையை நம் முதியோர் பிறந்தது முதல் பார்த்து வருகிறார்கள். உங்கள் முகத்தைத்தான் ஆண்டுக்கணக்கில் பார்ப்பதில்லை.

கணவனும் மனைவியும் இன்றிரவே அமர்ந்து, வீட்டில் இத்தகைய பத்திரம் ஏதும் இருக்கிறதா, ஆண்டுதோறும் தானாக வங்கியிலிருந்து கழியும் கட்டணங்கள் எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பயன்படுவது எது, வீணாவது எது என்று அதன் எதிரே குறியுங்கள். வீணாவதை நிறுத்தும் கடிதத்தை இந்த வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.